ஊரின் திட்டத்தை எழுதுவது யார்?

(சுந்தரபாண்டியத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

 

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், அரசு மானியமும் ஊரின் திட்டமும். ஊருக்கு அரசு மானியம் தருகிறது. அந்த மானியத்தை எதற்குச் செலவிடுவது என்று ஒரு திட்டம் எழுதப்படுகிறது. அந்தத் திட்டத்தை எழுதியது யார்? இந்த ஒரு கேள்வியைத்தான் இன்று திரும்பத் திரும்பக் கேட்கப்போகிறேன். இதற்குச் சரியான பதில் கிடைத்துவிட்டால் ஊரின் பாதிக் குறை தீர்ந்துவிடும் என்று நம்புகிறவன் நான்.

முதலில் ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். எந்த ஊர்த் தெரு என்று சொல்லத் தேவையில்லை. கேட்கிற ஒவ்வொருவருக்கும் அது தங்கள் தெருவாகத்தான் தோன்றும். அந்தத் தெருவில் முதலில் பேவர் பிளாக் பதிக்கிறார்கள். தெரு பளிச்சென்று ஆகிறது. கொஞ்ச நாளில் குடிநீர்க் குழாய் போட வேண்டும் என்று நடுத்தெருவைத் தோண்டுகிறார்கள். பெயர்த்த கல்லைத் திரும்பப் பதித்தால் பழைய மட்டம் வருமா? வராது. மழை பெய்தால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது. அப்புறம் வடிகால் கட்ட வருகிறார்கள். வடிகாலின் விளிம்பு வீட்டு வாசலைவிட ஒரு சாண் உயர்ந்துவிடுகிறது. வீட்டுக் கழிவுநீர் வடிகாலுக்குள் போக வழியில்லாமல் வாசலிலேயே தேங்குகிறது. அந்த வீட்டுப் பாட்டி ஒரு கொட்டாங்கச்சியால் தண்ணீரை அள்ளி அள்ளி வடிகாலுக்குள் ஊற்றுகிறார்.

இந்த மூன்று வேலைக்கும் மதிப்பீடு உண்டு. மன்றத் தீர்மானம் உண்டு. அளவுப் புத்தகத்தில் பதிவு உண்டு. ஒரு ரூபாய்கூடத் தவறான கைக்குப் போகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் தெரு பாழானது ஏன்? மூன்று வேலைக்கும் பணம் இருந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் திட்டம் இல்லை. முதலில் குழாய், பிறகு வடிகால், கடைசியில் கல் என்று வரிசை சொல்ல அந்தப் பாட்டிக்குத் தெரியும். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அப்படியானால், யார் எழுதியது அந்தத் திட்டம்?

அன்பர்களே, ஊரே தன் திட்டத்தை எழுத வேண்டும் என்பது என் சொந்த ஆசை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அரசியல் சட்டமே அதைச் சொல்கிறது. 73ஆவது சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 243ஜி பிரிவு, பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்கும் திட்டம் தீட்டும் வேலையை ஊராட்சிகளுக்கு உரியதாக வைத்தது. பதினோராவது அட்டவணையில் 29 துறைகளை அடுக்கியது. அதே ஆண்டு ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம், நகர அமைப்புகளுக்குப் பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பணிகளைத் தந்தது. கிராமத் திட்டங்களையும் நகரத் திட்டங்களையும் ஒன்றாகக் கோத்து மாவட்டத்துக்கு ஒரே வரைவாக ஆக்க மாவட்டத் திட்டக் குழு வேண்டும் என்று 243இசட்டி பிரிவு சொன்னது. நம் மாநிலத்தில் 1994இல் ஊராட்சிகள் சட்டம் வந்தது. ஆக, திட்டம் எழுதுவது ஊரின் உரிமை. அதோடு, ஊரின் கடமையும்கூட.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது? இரண்டு பெரிய வாய்க்கால்கள். ஒன்று, மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பங்கு, அலுவலகத்தில் எஸ்.எஃப்.சி. நிதி என்பார்கள். மற்றொன்று, ஒன்றிய அரசின் நிதிக்குழு மானியம். 2015 முதல் 2020 வரைக்கான 14ஆவது நிதிக்குழு, நாடு முழுவதும் கிராம ஊராட்சிகளுக்கு 2 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் பரிந்துரைத்தது. 2021 முதல் 2026 வரைக்கு 15ஆவது நிதிக்குழு ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடியும் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 1,21,055 கோடியும் பரிந்துரைத்தது. சின்னத் தொகையா இது?

இவ்வளவு பணம் கொடுக்கும்போது, எதற்குச் செலவிடுவாய் என்று அரசு கேட்கத்தானே செய்யும்? கேட்டது. அப்படிப் பிறந்ததுதான் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம். மானியம் வேண்டுமானால் ஆண்டுதோறும் திட்டம் எழுது, கிராம சபையில் வை, ஒப்புதல் வாங்கு என்றார்கள். 2018 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் 2 அன்று தொடங்கி இதற்கென மக்கள் திட்ட இயக்கம் நடக்கிறது. 2020இலிருந்து இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் திட்டத்தைப் பதிவேற்ற வேண்டும். வறுமை ஒழிந்த ஊர், நலமான ஊர், குழந்தைகளுக்கு ஏற்ற ஊர், தண்ணீரில் தன்னிறைவு பெற்ற ஊர், பெண்களுக்கு ஏற்ற ஊர் என்று 9 தலைப்புகளும் வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

நல்ல ஏற்பாடு. மனமாரச் சொல்கிறேன், நல்ல ஏற்பாடு. ஆனால் நடப்பது என்ன? தளத்தில் பதிவேற்றக் கடைசி நாள் நெருங்குகிறது. ஊராட்சிச் செயலர் ஒருவர்தான். வரி வசூல் அவர் கையில், குடிநீர்ப் புகார் அவர் காதில், கூட்டத்துக்கு வரச்சொல்லி ஒன்றிய அலுவலகத்தின் அழைப்பு அவர் போனில். அவர் என்ன செய்வார், பாவம்? போன வருடத்துத் திட்டத்தைத் திறந்து ஆண்டை மாற்றுகிறார். சிமென்ட் சாலை இரண்டு, வடிகால் ஒன்று, தெருவிளக்கு பத்து. முடிந்தது. கிராம சபையில் தீர்மானம் வாசிக்கப்படுகிறது, கையெழுத்து வாங்கப்படுகிறது. அந்தச் செயலரை நான் குறை சொல்ல மாட்டேன். திட்டம் எழுத அவருக்கு நாளும் தரவில்லை, துணைக்கு ஆளும் தரவில்லை.

இதே வேலை ஒழுங்காக நடந்தால் எப்படியிருக்கும்? சமூக வரைபடம் போடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். பள்ளிக்கூட மைதானத்தில் தண்ணீர் தெளித்து, சுயஉதவிக் குழுப் பெண்கள் கோலப்பொடியால் ஊரைத் தரையில் வரைகிறார்கள். கோயில், தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை, அங்கன்வாடி. முதியவர் தனியாக இருக்கும் வீட்டில் ஒரு புளியங்கொட்டை. மாற்றுத் திறனாளி இருக்கும் வீட்டில் ஒரு சிவப்புப் பொடி. தண்ணீர் வராத குழாய்க்கு ஒரு கூழாங்கல். வரைந்து முடித்து எல்லாரும் எழுந்து நின்று பார்க்கிறார்கள். கூழாங்கற்கள் எல்லாம் ஊரின் ஒரே கோடியில் குவிந்து கிடக்கின்றன! அந்தக் கோடி யாருடைய தெரு என்று எல்லாருக்கும் தெரியும். இத்தனை நாள் அது ஒரு முணுமுணுப்பாக இருந்தது. இப்போது ஊரே பார்க்கத் தரையில் கிடக்கிறது. அடுத்த ஆண்டு முதல் வேலை எந்தத் தெருவில் என்று இனி யாராவது வாதாட முடியுமா? திட்டம் எழுதுவது என்றால் இதுதான். இதற்கு வேண்டியது கோலப்பொடி, இரண்டு பகல், வழிநடத்தத் தெரிந்த ஒருவர்.

இப்போது நம் சுந்தரபாண்டியத்துக்கு வருகிறேன். இங்கேதான் என் மனத்தை உறுத்தும் சங்கதி இருக்கிறது.

சுந்தரபாண்டியம் பேரூராட்சி. வத்திராயிருப்பும் பேரூராட்சி. வ.புதுப்பட்டியும் மம்சாபுரமும் பேரூராட்சிகளே. கிராம ஊராட்சிக்கு உரிய வளர்ச்சித் திட்ட முறை நமக்குக் கிடையாது. கிராம சபையும் கிடையாது. சரி, நகரமாகவாவது நம்மைக் கணக்கில் எடுக்கிறார்களா? ஒன்றிய அரசின் அம்ருத் திட்டத்தின் கீழ், செயற்கைக்கோள் படங்களின் துணையோடு நகரத்துக்கு முழுமைத் திட்டம் எழுதவே தனி நிதி ஒதுக்கப்பட்டது. 2021இல் தொடங்கிய இரண்டாவது அம்ருத், இந்த உதவியை 50,000 முதல் 99,999 வரை மக்கள் தொகை உள்ள நகரங்களுக்கு விரித்தது. 2011 கணக்கெடுப்பில் 75 ஆயிரத்துக்கு மேல் மக்கள் இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் அந்த அளவுக்குள் வரும். லட்சத்தைத் தாண்டிய ராஜபாளையம் பெரிய நகரங்களின் வரிசையில் சேரும். சுந்தரபாண்டியம்? நாம் அந்த வாசலையே மிதிக்க முடியாது. கிராமத்துக்கும் ஒரு முறை இருக்கிறது, நகரத்துக்கும் ஒரு முறை இருக்கிறது. நடுவில் நிற்கும் பேரூராட்சிக்குத் திட்டம் எழுத மானியம் எங்கே?

நிதிக்குழு மானியம் நமக்கும் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் 15ஆவது நிதிக்குழுவின் காலத்தில் அதில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும்தான் செலவிட வேண்டியிருந்தது. மீதி 40 விழுக்காடு ஊரின் தேவைக்கு. அதிலும் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் தொடக்கூடாது என்று இருந்தது. விதி நியாயமானதே, இல்லாவிட்டால் மானியம் முழுவதும் சம்பளமாகக் கரைந்துவிடும். ஆனால் விளைவைப் பாருங்கள். கட்டப் பணம் இருக்கிறது, யோசிக்கப் பணம் இல்லை. கல்யாண வீட்டில்கூடச் சாமான் பட்டியல் போட ஒரு பெரியவரை உட்காரவைத்த பிறகுதானே கடைக்குப் போவோம்? ஊர்க் காரியத்தில் பட்டியல் போடாமலே கடைக்கு அனுப்புகிறார்கள்.

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள்? மேற்கே மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே 1996 ஆகஸ்ட் 17 அன்று மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு என்று அறிவித்தார்கள். கவனியுங்கள், பணத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. முதலில் கிராம சபையில் தேவைகளைக் கேட்டார்கள். பிறகு ஒவ்வோர் ஊராட்சியும் தன் நிலம், நீர், தொழில், பள்ளி, மருத்துவமனை எல்லாவற்றையும் ஆராய்ந்து ஒரு வளர்ச்சி அறிக்கை எழுதியது. அதை வைத்துக் கருத்தரங்கு. துறைக்கு ஒரு பணிக்குழு. ஓய்வுபெற்ற பொறியாளர்களையும் ஆசிரியர்களையும் தேடிப்பிடித்துத் திட்டங்களைச் சரிபார்க்கத் தொண்டர் படையாக உட்காரவைத்தார்கள். பெண்களுக்கான திட்டத்துக்குக் குறைந்தது 10 விழுக்காடு என்று ஒதுக்கினார்கள். குறைகள் இருந்தன, எல்லா ஊரும் ஒரே தரத்தில் எழுதவில்லை. ஆனால் ஒரு நம்பிக்கை பிறந்தது. நம் ஊரைப் பற்றி நாமே எழுத முடியும் என்ற நம்பிக்கை!

கேரளத்தை விடுங்கள், தமிழ்நாட்டிலேயே உதாரணம் இல்லையா? இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில், வேதிப் பொறியாளரான இளங்கோ 1996இல் ஊராட்சித் தலைவரானார். கிராம சபையில் மக்களோடு உட்கார்ந்து ஊருக்கு ஐந்தாண்டுத் திட்டம் போட்டார். வடிகால் கட்ட வேண்டிவந்தபோது, கிரானைட் பட்டறைகளில் கழித்துப் போட்ட கல்லைப் பயன்படுத்திச் செலவைக் குறைத்தார்கள். விதிப்படி செய்யவில்லை என்று அவர் பதவிக்கே நெருக்கடி வந்தது. கிராம சபை அவர் பின்னால் நின்றது, அவர் மீண்டார். ஊர் ஏன் அவரோடு நின்றது? அது ஊர் எழுதிய திட்டம். தாங்கள் எழுதிய திட்டத்தை மக்கள் கைவிட மாட்டார்கள்.

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை. 2006இல் ஊராட்சியே கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை நிறுவியது. தன் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. மின்கட்டணமே ஊராட்சிப் பணத்தைத் தின்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்த ஊருக்குத்தான் அந்த யோசனை வரும். கணக்குப் பார்க்காத ஊருக்குத் தெருவிளக்கு பத்து என்று மட்டுமே எழுதவரும்.

கடல் கடந்தும் ஒரு சான்று. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1999இல் ஒரு சட்டம் இயற்றியது. ஒவ்வோர் ஊரும் தன் முழுமைத் திட்டத்தை எழுதட்டும், எழுதும் செலவுக்கு மாநிலம் மானியம் தரும் என்றது. கட்டுவதற்கு மட்டும் கொடுக்காமல் எழுதுவதற்கும் கொடுத்தது! மக்களை எப்படிக் கலந்துகொள்ளப் போகிறோம் என்பதையும் ஊர் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். திட்டத்தில் இருக்க வேண்டிய பகுதிகளில் ஒன்று, பக்கத்து ஊரோடு எப்படி ஒத்துழைப்போம் என்பது.

அந்தக் கடைசிப் பகுதி நமக்கு எவ்வளவு பொருத்தம், யோசித்துப் பாருங்கள். நம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து. பிளவக்கல்லில் பெரியாறு அணை, கோவிலாறு அணை. அங்கிருந்து கண்மாய் கண்மாயாக இறங்குகிறது. மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். கண்மாய் ஓர் ஊர் எல்லையில், அதன் ஆயக்கட்டு இன்னோர் ஊர் எல்லையில், வரத்துக்கால் மூன்றாவது ஊர் வழியாக. பேரூராட்சி கட்டிய வடிகால் கண்மாயில் போய்க் கலந்தால், பாதிக்கப்படுவது பக்கத்துக் கிராம ஊராட்சி விவசாயி. தண்ணீருக்கு வார்டு எல்லை தெரியுமா? பேரூராட்சி என்றும் ஊராட்சி என்றும் தெரியுமா?

சதுரகிரியைப் பாருங்கள். ஆடி அமாவாசை என்றால் தாணிப்பாறைக்கு எத்தனை ஊர் ஜனம்! பஸ், குடிநீர், கழிப்பறை, குப்பை என்று அத்தனை சுமையும் அடிவாரத்து ஊர்களின் தலையில். மலையோ, 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. ஒரு பிளாஸ்டிக் பை காட்டுக்குள் போவதைத் தடுக்கக்கூட நாலு அலுவலகமும் நாலு ஊரும் சேர வேண்டும். தனித்தனியாகப் போடும் திட்டம் இங்கே செல்லாது. சேர்ந்து எழுதிய திட்டம்தான் செல்லும்.

இதில் இன்னொரு பெரிய தடையையும் சொல்லியாக வேண்டும். நம் மாநிலத்தில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் வந்தது. நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரி 19 வரை காத்திருந்தோம். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாததால் ஒன்றிய மானியமும் நின்றது. 2025 ஜனவரி 5 அன்று நம் மாவட்டம் உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சி மன்றங்களின் காலம் மறுபடி முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். ஐந்தாண்டுத் திட்டம் எழுத ஐந்தாண்டு தொடர்ந்து இருக்கும் மன்றம் வேண்டாமா? தேர்தலை உரிய காலத்தில் நடத்துங்கள் என்று எந்த ஆட்சி இருந்தாலும் உரக்கக் கேட்கும் கடமை நமக்கு இருக்கிறது.

படித்த நிபுணர்கள் எழுத வேண்டிய திட்டத்தைச் சாதாரண ஜனங்கள் எப்படி எழுதுவார்கள் என்று சிலர் கேட்பார்கள். நிபுணர் வேண்டும், அதைத்தான் நானும் கேட்கிறேன். வரைபடம் போட, மட்டம் பார்க்க, செலவுக் கணக்குப் போட நிபுணர் வேண்டும். அவருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் மானியம் வேண்டும் என்கிறேன். ஆனால் எந்த மழையில் எந்தத் தெருவுக்குள் தண்ணீர் வரும் என்று நிபுணருக்குத் தெரியாது. தறிக்குழியில் நீர் ஊறினால் எத்தனை நாள் வேலை போகும் என்று அவருக்குத் தெரியாது. மடை எந்தப் பக்கம் அடைத்துக் கிடக்கிறது என்று தெரியாது. அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்கள் அறிவும் அவர் கணக்கும் ஒரே தாளில் சேர வேண்டும்.

ஆகவே மாநில அரசிடம் நாம் வைக்க வேண்டிய கோரிக்கை ஒன்று. ஒவ்வொரு பேரூராட்சிக்கும், அதைச் சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளோடு சேர்ந்து முழுமைத் திட்டம் எழுதுவதற்கென்றே தனி மானியம் கொடுங்கள். 2026இலிருந்து 2031 வரை 16ஆவது நிதிக்குழுவின் காலம். அந்த ஐந்தாண்டுப் பணம் சிமென்டாக இறுகுவதற்கு முன் திட்டம் தயாராக வேண்டும். மாவட்டத் திட்டக் குழு அந்தத் திட்டங்களைக் கையில் வைத்துக்கொண்டு, கண்மாய் கண்மாயாகக் கோக்க வேண்டும்.

மானியம் வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டுமா? வேண்டாம். நகர்ப்புறங்களில் வார்டு குழுவும் பகுதி சபையும் அமைக்க 2022இல் விதிகள் வந்துவிட்டன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று பகுதி சபைகளும் கூடின. அந்தச் சபை நம்முடையது. அதில் ஆளில்லாமல் நாற்காலி மட்டும் இருந்தால், போன வருடத்துத் திட்டம்தான் திரும்ப வரும்.

நண்பர்களே, முதலமைச்சர்களைத் தந்த மண் இது. காமராசர் ஆட்சியில்தான் 1958ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் வந்தது. சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த ராஜபாளையம் பூ.ச. குமாரசுவாமி ராஜா, தான் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். அவர் வீட்டைக் கொடுத்தார். நான் உங்களிடம் கேட்பது நாலு மாலைப் பொழுது.

முதல் மாலை, உங்கள் தெருவில் நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, விளக்கு எங்கே எரியவில்லை என்று எழுதுங்கள். இரண்டாவது மாலை, தெருப் பெண்களைக் கூட்டிக் கோலப்பொடியால் வரையுங்கள். மூன்றாவது மாலை, கண்மாய்க் கரைக்குப் போய்ப் பக்கத்து ஊர் விவசாயியோடு பேசுங்கள். நான்காவது மாலை, எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, முதலில் எது, பிறகு எது, எது காத்திருக்கலாம் என்று ஒரே தாளில் எழுதி, செயல் அலுவலரிடமும் வார்டு உறுப்பினரிடமும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பகுதி சபையில் அதைத் தீர்மானமாக்குங்கள். தெருவுக்கு ஒரு தாள் சேர்ந்தால் ஊரின் திட்டத்துக்கு முதல் வரைவு கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மானியம் கேட்டால், நாம் கெஞ்சுகிறவர்களாக நிற்க மாட்டோம்; வேலையைத் தொடங்கிவிட்டு உரிமையைக் கேட்கிறவர்களாக நிற்போம்.

யார் எழுதியது இந்தத் திட்டம் என்று நாளைக்கு ஓர் அதிகாரி கேட்கட்டும். நாங்கள் எழுதினோம், இதோ எங்கள் கையெழுத்து என்று இந்த அவையில் இருக்கும் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும்.